கொடி மாறிய கணக்கும் தோட்டத்துக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் கெடா மாநிலம் எத்தனை ஆட்சிகளைப் பார்த்தது என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) மேலாதிக்கம், 1909 ஒப்பந்தத்தில் வெள்ளைக்காரன் கைக்குப் போனது, 1941 டிசம்பரில் ஜப்பான், 1957இல் சுதந்திரம் என்று வரிசையாகச் சொல்லியிருந்தீர்கள். சரி, ஆனால் நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று. 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கையும் ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. போர் முடியும்வரை கெடாவுக்கு சைபுரி என்று பெயர். சுங்கைப் பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் போகிறவர், மூடா ஆற்றைத் தாண்டினால் தாய்லாந்து ஆட்சியை விட்டு ஜப்பான் ஆட்சிக்குள் நுழைகிறார்!

ரப்பர் தோட்டத்தில் இதை யார் கண்டது? ஜப்பான் ராணுவம் இங்கேயேதான் இருந்தது. கையில் புழங்கியதும் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுதான். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அதற்கு மதிப்பில்லை என்று அறிவித்துவிட்டான். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். எங்கள் பெரியவர்கள் போர்க்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த ரயில் கதைதான் வரும். தாய்லாந்து ஆட்சியைப் பற்றி ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். என்னைக் கேட்டால், ஆட்சி மாற்றம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலுக்கு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான், அதுவும் காகித வடிவில். குடியுரிமைக்கு மனுப் போட்டவர் தப்பினார். எழுதப் படிக்கத் தெரியாமலோ, 'இங்கேயேதானே இருக்கிறோம், எதற்கு மனு' என்றோ இருந்துவிட்டவர் கையில் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாழ்நாள் முழுக்க இங்கே பால்மரம் சீவியவர்கள் எத்தனையோ பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு ரஜூலா கப்பல் ஏறினார்கள். பிள்ளை இங்கே, தகப்பன் நாகப்பட்டினத்தில் என்று உடைந்த குடும்பங்கள் எங்கள் வட்டாரத்திலேயே உண்டு. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்தியது.

அப்புறம் நிலம். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். இதைத் தடுக்கத்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (டாலர்) கட்டினார்கள். அந்தக் காலச் சம்பளத்தில் அது சின்னத் தொகையா என்ன? சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். ஆட்சி மாற்றத்துக்குத் தோட்டத்து ஜனங்கள் தாங்களாகக் கொடுத்த பதில் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியை மலேசிய அரசு நிறுவனம் பங்குகளை வாங்கி ஒரே காலையில் மடக்கிப் போட்டதையும் பெருமையாக எழுதியிருந்தீர்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் துரை போய் உள்நாட்டு மேனேஜர் வந்த பிறகும், வேலை நின்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது பல தோட்டங்களில் அப்படியேதான் இருந்தது. பால்மரத்தை வெட்டிச் சாய்த்து செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள், பிறகு செம்பனையையும் வெட்டி வீடமைப்பு போட்டார்கள்.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதிக்கு நிருபரை மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரோடு நிறுத்திவிடாமல் பீடோங், கூலிம், புக்கிட் சீடிம் பக்கமும் அனுப்பிவையுங்கள். பெர்மிட் காலத்தைப் பார்த்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய அடையாள அட்டையும் கூட்டுறவுச் சங்க ரசீதும் கிடைக்கும், கேட்டால் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
பீடோங், கெடா