பிள்ளைகள் மெட்டுப் போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பாடத்திட்டம் பற்றிப் பேச்சு வந்தால் கணிதம், அறிவியல், தாய்மொழி என்றுதான் எல்லாரும் கருத்துச் சொல்கிறோம். இசைப் பாடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தொடக்கப்பள்ளியில் இசை கற்பிப்பவன், பாடல்களுக்கு இசையமைப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. பிள்ளைகளுக்குப் பாடவும் வாசிக்கவும் கற்றுக்கொடுக்கிறோம். சொந்தமாக மெட்டுப் போட விடுவதே இல்லை.

பாடத்திட்டத்தில் குறை இல்லை. தொடக்கநிலை 1 முதல் உயர்நிலை 2 வரை எல்லா மாணவர்களுக்கும் இசைப் பாடம் உண்டு. கேட்பது, படைப்பது, நிகழ்த்துவது மூன்றுக்குமே கல்வி அமைச்சின் பாடத்திட்டம் இடம் தந்திருக்கிறது. ஆனால் வாரத்தில் கிடைப்பது ஓரிரு பாடவேளை. சிறிய கிட்டார் போன்ற யுகலேலேகளை எடுத்துக் கொடுத்து, சுருதி சேர்த்து, எல்லாரையும் உட்கார வைப்பதற்குள் பாதி நேரம் ஓடிவிடும். மிச்ச நேரத்தில் தெரிந்த பாட்டு ஒன்றை ஒழுங்காக வாசித்தால் போதும் என்றாகிவிடுகிறது. தேசிய தினம், ஆசிரியர் தினம் என்று எது வந்தாலும் ஒத்திகைக்கு முதலில் பறிபோவதும் இந்தப் பாடவேளைதான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்கினால் கேட்கவே வேண்டாம்.

மெட்டமைப்பது மேதைகளுக்கு மட்டுமே உரிய வேலை என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். வகுப்பில் இருக்கும் மரச் சைலோஃபோனில் கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். மேற்கத்திய சுரமான ‘சி’யைச் சட்ஜமாக, அதாவது ‘ச’வாக, வைத்துக்கொண்டு ‘எஃப்’, ‘பி’ இரண்டையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த. நமக்கு அது மோகன ராகம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனப் பிள்ளைக்கும் அந்த ஐந்து சுரங்கள் வீட்டுப் பழக்கம்தான், எத்தனையோ சீன நாட்டுப்பாடல்கள் அவற்றில் அமைந்தவை. எந்தக் கட்டையைத் தட்டினாலும் காதை உறுத்தாது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் குழந்தைகளுக்கு வகுத்த முறையில் ஐந்து சுரங்களுக்கு அவ்வளவு முக்கிய இடம் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் தாளம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பதைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அதைத் தேர்வில் எழுதும் இலக்கணமாக மட்டுமே அவர்கள் அறிந்திருப்பதுதான் எனக்கு வருத்தம். ஒருநாள் தொடக்கநிலை 4 பிள்ளைகளிடம், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வரி கொண்டுவாருங்கள், எந்த மொழியானாலும் சரி என்றேன். தமிழ்ப் பெண் ஒருத்தி, “ஓடு வாவா, பஸ்ஸு போச்சே” என்றாள். குழுவே அதைப் பிடித்துக்கொண்டது. ‘ஓடு’ தாளக் கணக்கில் மூன்று மாத்திரை, தாளச் சொல்லில் தகிட. ‘வாவா’ நான்கு, தகதிமி. ‘பஸ்ஸு’வில் ஒற்றோடு சேர்ந்த முதல் அசையைத் தாளத்தில் இரண்டாக எண்ணினால் அதுவும் மூன்று, ‘போச்சே’ நான்கு. மூன்றும் நான்குமாக ஏழு எண்ணும் மிஸ்ர சாபு தாளம்! அந்தப் பெயரை நான் சொல்லித்தரவே இல்லை. மலாய் மாணவன் ஒருவன் அந்த ஏழு எண்ணிக்கையை மேசையில் தட்ட ஆரம்பித்தான், இன்னொருத்தி மூன்றே கட்டைகளில் மெட்டைக் கண்டுபிடித்தாள். மணி அடித்த பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு அனுப்பிவைக்க நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிங்கப்பூர் இந்தியர் நுண்கலைக் கழகம் 1949இல் தொடங்கியது. அதுபோன்ற இடங்களின் உழைப்பால்தான் வீணையும் மிருதங்கமும் இங்கே தலைமுறை தாண்டி நிற்கின்றன, அந்த நன்றி எனக்கு நிறையவே உண்டு. ஆனால் சரளி வரிசை, கீதம், வர்ணம், கீர்த்தனை எல்லாம் தாண்டிய பிறகே பிள்ளைக்குக் கற்பனை சுரம், அதாவது தானே புனைந்த சுரம், பாட வாய்ப்பு வருகிறது. அதற்குள் பலர் படிப்புச் சுமையால் நின்றுவிடுகிறார்கள். பியானோ பக்கம் போனால் அடுத்த கிரேடு, அடுத்த சான்றிதழ். தனித்திறமையைப் பார்த்து உயர்நிலைப் பள்ளியில் இடம் தரும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவும் என்று கணக்குப் போடுவதில் தவறில்லை. அதோடு, வீட்டில் பிள்ளை தானாக எதையாவது முணுமுணுத்தால், “முதலில் பாடத்தை வாசி” என்று அடக்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

பள்ளியில் பிள்ளைகள் பாடும் நம் நாட்டுப்பண்ணுக்கு இசையமைத்தவர் ஸுபிர் சயித். 1958இல் விக்டோரியா அரங்கம் மீண்டும் திறக்கப்பட்டபோது அதற்காக உருவாக்கிய பாடல் அது. அவர் பெரும்பாலும் தானாகவே இசை கற்றவர். அவரைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம், அவர் மெட்டைப் பிசகாமல் பாட வைக்கிறோம். அவர் செய்த வேலையைக் கொஞ்சம் செய்து பார்க்கவும் பிள்ளைகளுக்கு நேரம் கொடுக்க வேண்டாமா?

நேரம் எங்கே என்று கேட்பார்கள். தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் 2023க்குள் அரையாண்டுத் தேர்வு எல்லா நிலைகளிலும் எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள் நிதானமாகக் கற்கட்டும் என்பதுதானே நோக்கம்? ஆண்டின் ஒவ்வொரு பாதியிலும் நான்கு வாரம், எந்த ஒத்திகைக்கும் விட்டுக்கொடுக்காமல், இசைப் பாடவேளையைப் படைப்புக்கு ஒதுக்கலாம். தமிழாசிரியரும் இசையாசிரியரும் அந்த வாரங்களில் சேர்ந்து திட்டமிட்டால், தமிழ் வகுப்பில் எழுதிய நான்கு வரி இசை வகுப்பில் பாட்டாகும். மதிப்பெண் மட்டும் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் வந்தால் மெட்டுக்கும் துணைப்பாட வகுப்பு வந்துவிடும்.

ஏப்ரலில் தமிழ் மொழி விழாவை ஒட்டிப் பேச்சுப்போட்டி, கதை சொல்லும் போட்டி என்று நிறைய நடக்கின்றன. பிள்ளைகள் தாங்களே எழுதி மெட்டமைத்த பாடல்களுக்கும் ஒரு மாலையை ஒதுக்க ஏற்பாட்டாளர்கள் முன்வர வேண்டும். சுருதி விலகினாலும் பரவாயில்லை, மேடையில் ஏறட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர் படைப்புகளை வெளியிடும்போது கவிதையோடு நிறுத்தாமல், பிள்ளைகள் போட்ட மெட்டையும் சுரக் குறிப்போடு வெளியிடுங்கள். சுரமும் தாளமும் பிரித்து எழுதித் தர நான் தயார். எங்கள் பஸ் பாட்டிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர் ஒருவர்,
ஈசூன்