டர்பனில் ஒரு கணக்கு, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்போசார்ஜரையும் சூப்பர்சார்ஜரையும் ஒப்பிட்டுத் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். இரண்டும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிகளே என்றும், மிதித்தவுடன் வண்டி இழுக்க வேண்டுமானால் சூப்பர்சார்ஜரே மேல் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். கடற்கரையை விட்டு நகராத வண்டிக்கு அது பொருந்தும். ஆனால் கல்யாணம், கருமாதி, வேலை என்று டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு என்-3 நெடுஞ்சாலையில் மேலேறிப் போகும் நம்மவர்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டிய செய்தியை, அதாவது உயரத்தை, அவர் தொடவே இல்லை. முப்பது ஆண்டுகள் எஞ்சின் பிரித்துக் கோத்தவன் என்ற முறையில் அதை எழுதத் துணிகிறேன்.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் அது 830 அளவுக்கு இறங்கிவிடுகிறது. தானாக உறிஞ்சும் காற்றையே நம்பியிருக்கும் சாதாரண எஞ்சின் டர்பனில் 100 குதிரைத்திறன் தந்தால், அங்கே 82, 83 தந்தாலே பெரிது. சூப்பர்சார்ஜர் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. எஞ்சின் சுழற்றும் முக்கியத் தண்டான கிராங்க் தண்டிலிருந்து வரும் பெல்ட் அதைச் சுழற்றுவதால், எஞ்சினின் சுற்றுக்குக் கட்டுப்பட்டதே அதன் சுற்றும். காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தும் கருவி டர்பனில் 1,013-ஐ 1,520 ஆக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் 830-ஐ 1,245 மட்டுமே ஆக்கும். இழப்பின் விகிதம் அப்படியே நிற்கிறது. (இந்த வகையில் பெயர் பெற்ற காற்றூதியை ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை செய்தது, நம் முன்னோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்திறங்கிய அதே 1860-இல்தான், அப்போது அது உலைகளுக்குக் காற்று ஊதும் கருவி.) இரண்டாம் உலகப்போர்க் காலப் போர்விமானங்களின் மெர்லின் எஞ்சினில் சூப்பர்சார்ஜருக்கென்றே இரண்டு வேக கியர் வைக்க நேர்ந்ததும் இந்தக் கட்டுப்பாட்டினால்தான்.

டர்போவைச் சுழற்றுவது எஞ்சின் கழிக்கும் புகை. அந்தப் புகையால் சுழலும் டர்பைன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும் என்பதால், மிஞ்சிய புகையை டர்பைன் மேல் படாமல் வெளியேற்ற வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு உண்டு. காற்று மெலிந்த இடத்தில் வண்டியின் கணினி அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் மூடிவைக்க, சக்கரம் வேகம் கூடி, குறைந்துபோன அழுத்தத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. 1918-இல் அமெரிக்காவில், ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்கு லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொண்டுபோய் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ் டர்போவைச் சோதித்ததும் இதை நிரூபிப்பதற்காகவே.

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் ஒரு திருமணத்துக்குப் போனபோது இதைக் கண்ணால் கண்டேன். என் வண்டி 1.6 லிட்டர், டர்போ இல்லாதது. தங்கை மகனுடையது ஒரு லிட்டர் டர்போ போலோ. இரண்டிலும் ஐந்து பேர், சீர்வரிசைச் சாமான்கள் வேறு. வழியில் மலையேறும் வான் ரீனன் கணவாயில் நான் மூன்றாம் கியருக்கு இறங்கி லாரிகளின் பின்னால் முனகிக்கொண்டிருக்க, அவன் நான்காம் கியரிலேயே என்னைத் தாண்டிப் போனான். ஹாரிஸ்மித் பெட்ரோல் நிலையத்தில், “மாமா, கல் ஏற்றியா வந்தீர்கள்?” என்று கேட்டபடியே சாவியைத் திருப்பி அணைக்கப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினேன். மலையேறிய சூட்டோடு எஞ்சினை அணைத்தால் டர்போவின் பேரிங்கில் ஆயில் ஓட்டம் நின்று, அங்கே தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். நீர்க்குளிர்ச்சி உள்ள இன்றைய டர்போக்களில் இந்த ஆபத்து குறைவுதான். ஆனாலும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுவதில் என்ன நட்டம்? சூப்பர்சார்ஜருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும், மிதித்த பிறகு டர்போ விழித்துக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மேட்டுநிலத்தில் எந்த வண்டிக்கும் 93 ஆக்டேன் பெட்ரோலே போதும், காசு மிச்சம் என்று அதில் இருந்தது. (ஆக்டேன் எண் கூடக்கூட, பெட்ரோல் அழுத்தத்தில் தானாக முன்கூட்டியே வெடித்து எஞ்சினைத் தட்டுவது குறையும்.) மெலிந்த காற்றில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால், சாதாரண எஞ்சின் 93-இல் தட்டாமல் ஓடும் என்பது உண்மை. குறைந்த அழுத்தத்தை மீட்டுத் தருவதே வேலையாகக் கொண்ட டர்போ எஞ்சினுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் 95 என்று அச்சிட்டிருந்தால் லெனேசியாவிலும் 95 ஊற்ற வேண்டும். இந்த ஒரு திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.