எவரெஸ்ட் பயணத்துக்குத் தவறான முதுகுப்பையைப் பரிந்துரைத்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 70 லிட்டர் முதுகுப்பை பற்றிய தவறான ஆலோசனை, தவறான விற்பனை விவரம், பணத்தைத் திருப்பித் தர மறுத்தது

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மார்ச் மாதம் உங்கள் இணையதளத்தில் 70 லிட்டர் மலையேற்ற முதுகுப்பை ஒன்றை வாங்கினேன். துணியிலோ தையலிலோ ஜிப்பிலோ எனக்குக் குறை இல்லை. எனக்கு ஏற்ற அளவு இதுதான் என்று நீங்கள் சொன்ன ஆலோசனை தவறு. ‘எல்லா உயரத்தினருக்கும் பொருந்தும்’ என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருப்பதும் உண்மையில்லை. இதைச் சொல்லி எப்போது எழுதினாலும், ‘பயன்படுத்திய பொருள், டேக் நீக்கப்பட்டுள்ளது’ என்ற ஒரே பதிலோடு புகாரை மூடிவிடுகிறீர்கள். அதனால்தான் முழு விவரத்தையும் இங்கே எழுதுகிறேன்.

வாங்கும் முன்பே உங்கள் சாட் உதவியாளரிடம் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை ஏப்ரலில் போகிறேன், போர்ட்டர் வைத்துக்கொள்ளவில்லை, என் பையை நானே சுமப்பேன், இரவில் வழியிலுள்ள லாட்ஜ்களில் தங்குவேன் என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: எத்தனை நாள்? பதில் சொன்னதும் ‘ஐந்து நாளுக்கு மேல் என்றால் 70 லிட்டர்’ என்று போட்ட உங்கள் வழிகாட்டிப் படத்தை அனுப்பிவிட்டார்.

நாள் கணக்கை மட்டும் பார்த்துப் பையின் அளவைச் சொல்லவே முடியாது. நடை தொடங்கும் லுக்லாவிலிருந்து முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக்‌ஷெப் வரை அந்தப் பாதை நெடுகிலும் தங்கும் ஊர்களில் லாட்ஜ்கள் இருக்கின்றன. கட்டில், மெத்தை, சாப்பாடு எல்லாம் அங்கேயே கிடைக்கும். கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எதையும் சுமக்க வேண்டியதில்லை. ஸ்லீப்பிங் பேக், குளிர் ஜாக்கெட், மழை ஜாக்கெட், உள்ளே போடும் தெர்மல், மாற்றுத் துணி, மருந்து, தண்ணீர், கொஞ்சம் நொறுக்குத்தீனி, அவ்வளவுதான். ஐந்து நாள் போனாலும் பன்னிரண்டு நாள் போனாலும் இதே சாமான்தான். கூடுதலாக இரண்டு ஜோடி காலுறை இருக்கலாம். இதற்கு 40 முதல் 50 லிட்டர் போதும். அதே சமயம், கூடாரத்தையும் சமையல் சாமானையும் தானே தூக்கிக்கொண்டு மூன்றே நாள் பனியில் போகிறவருக்கு 60 லிட்டர்கூடப் போதாமல் போகலாம். எதைச் சுமக்கப் போகிறீர்கள், எந்தப் பருவத்தில் போகிறீர்கள் என்றுதான் உங்கள் ஆள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

பை பெரிதாக இருந்தால் இடத்தைக் காலியாக விட்டுக்கொள்ளலாமே என்று பின்னர் தொலைபேசியில் ஒருவர் சொன்னார். பாதி நிரம்பிய பெரிய பையில் சாமான் அடியில் இறங்கிவிடும். பை முதுகோடு ஒட்டாமல் பின்னால் இழுக்கும். பக்கப் பட்டைகளை இறுக்கினால் ஓரளவுதான் சரியாகும். அப்புறம் பையின் சொந்த எடையும் இருக்கிறது. இந்தப் பை காலியாகவே 2.4 கிலோ. நான் 52 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது என்பார்கள்; எனக்கு அது 10 கிலோவுக்குச் சற்று அதிகம். அதில் கிட்டத்தட்ட கால்வாசியைப் பையே எடுத்துக்கொண்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பை என் முதுகுக்கே பொருந்தவில்லை என்பதுதான் பெரிய விஷயம். முதுகுப்பைக்கு லிட்டர் அளவு எவ்வளவு முக்கியமோ, முதுகின் நீளமும் அவ்வளவு முக்கியம். தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்திக்கொண்டு தெரியும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். எனக்கு அது 40 செ.மீ. உங்கள் பையின் முதுகுச் சட்டத்தை எவ்வளவு குறைத்தாலும் 47 செ.மீ.க்குக் கீழே வராது. ஒரே உயரமுள்ள இருவருக்குக்கூட இந்த நீளம் வேறுபடும் என்பதால், உயரத்தைச் சொல்லி விற்பதில் அர்த்தமே இல்லை. நம் ஊரில் ஐந்தடியைச் சற்றே தாண்டிய பெண்கள் ஏராளம். அவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான்.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். சுமையின் பெரும்பகுதியை இடுப்புப் பட்டைதான் தாங்க வேண்டும். எனக்கு அந்தப் பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் தொடை மூட்டில் இடித்தது. தளர்த்தினால் மொத்தச் சுமையும் தோளுக்குப் போய்விட்டது. ஜோர்சாலே தாண்டித் தொங்குபாலத்தைக் கடந்ததும் 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே வரை ஒரே ஏற்றம். அந்த ஏற்றத்தில் என் வலக்கை விரல்கள் மரத்துப்போய்விட்டன. தோள் பட்டை நரம்பை அழுத்துவதால் வரும் இந்தத் தொல்லைக்கு மருத்துவத்தில் ‘ரக்சாக் பால்சி’ என்று பெயரே இருக்கிறது. நல்லவேளையாக எனக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. சிலருக்கு வாரக்கணக்கில் கை பலவீனமாகவே இருக்கும். மலைப்பாதையில் ஊன்றுகோலைப் பிடிக்க முடியாத கை எவ்வளவு ஆபத்து என்று உங்கள் ஊழியர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நாம்சே கடையில் என் முதுகை அளந்து பார்த்து, 45 லிட்டர் பை ஒன்றைக் கொடுத்தார்கள். என் சாமான் முழுவதும் அதில் அடங்கியது. உங்கள் பையை லாட்ஜில் போட்டுவிட்டு, 5,364 மீட்டரிலுள்ள அடிவார முகாம் வரை அந்தப் பையோடுதான் போய் வந்தேன். ஒரே பயணத்துக்கு இரண்டு பைகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால், திருப்பி எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. டேக் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. சுமை ஏற்றி மலையில் நடந்தால்தான் இந்தக் குறை தெரியும்.

எனவே பையை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். ‘எல்லா உயரத்தினருக்கும்’ என்ற வரியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பைக்கும் அது பொருந்தும் முதுகு நீளத்தையும் காலி எடையையும் போட வேண்டும். நாள் கணக்கு வழிகாட்டிப் படத்தையும் எடுத்துவிட வேண்டும். பணத்தைப் போலவே இந்த மாற்றங்களும் எனக்கு முக்கியம். அடுத்த சீசனுக்கு அந்தப் படத்தைப் பார்த்து வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை

இணைப்பு: ரசீது, சாட் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்கள், அளவு நாடாவோடு எடுத்த பையின் படங்கள், நாம்சே கடை ரசீது