கடைக்காரரிடம் பாஸ்வேர்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாபநாசம் கடைத்தெருவில் 14 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே மூன்று கம்ப்யூட்டர் போட்டு, சிட்டா எடுத்துக் கொடுப்பது, பயிர்க் காப்பீடு பதிவது, கல்லூரி விண்ணப்பம் போடுவது எல்லாம் செய்கிறேன்.

போன மே மாதக் கடைசியில், பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு நடந்துகொண்டிருந்த சமயம், கபிஸ்தலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். சான்றிதழ்கள் அவளுடைய ஈமெயிலில் இருந்தன. என் கம்ப்யூட்டரில் ஈமெயில் முகவரியை அடித்ததும் பாஸ்வேர்டு கேட்கவில்லை, க்யூஆர் கட்டம் ஒன்று வந்தது. போனில் ஸ்கேன் செய்தாள். இரண்டு திரையிலும் வட்டம் சுற்றியது, கடைசியில் இணைக்க முடியவில்லை என்று வந்தது. நாலைந்து முறை ஆயிற்று. "தங்கச்சி, நாலரை பஸ்ஸ விட்டா அப்புறம் இருட்டிடும்" என்றார் அவள் அப்பா.

நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். லாங் சைஸ் நோட்டைப் பிரித்து நீட்டி, "பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தா இதுல எழுதிடு பாப்பா" என்றேன். பேனாவைக் கையில் வாங்கியவள் எழுதாமல் நின்றாள். பிறகு மேலே இருந்த வரியைத் தொட்டு, "அக்கா, இது எங்க தெருப் பெரியம்மா பேரு" என்றாள். பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் என் நோட்டிலேயே இருந்தன. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இருபது பேர். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாளிலிருந்து, போனை வைத்துக் கம்ப்யூட்டரில் நுழைவது என் கடையில் ஏன் நடக்கவில்லை என்று தேட ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை மற்ற கணினி மையக்காரர்களுக்கும் சொல்லவே இந்தக் கடிதம்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனில் உள்ள சாவியை வைத்து நுழையும் இந்த முறைக்குப் பாஸ்கீ என்று பெயர். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022-இல் சேர்ந்து இதை எல்லாக் கருவிகளிலும் கொண்டுவருவதாக அறிவித்தன. சாவி போனுக்குள் இருக்கும். போனின் பூட்டைத் திறக்கும் கைரேகையோ, முகமோ, பின் நம்பரோ கொடுத்தால்தான் திறக்கும். நாம் தவறாகப் புரிந்துகொள்வது ப்ளூடூத் விஷயத்தைத்தான். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரை இணைப்பது போலப் போனையும் கம்ப்யூட்டரையும் ஜோடி சேர்க்க வேண்டும் என்று நினைத்து நானே அரை நாளை வீணாக்கினேன். ஜோடி சேர்க்கவே வேண்டாம். க்யூஆரைப் படித்ததும் போன் ப்ளூடூத்தில் ஒரு சின்னக் குரல் கொடுக்கிறது. அது கம்ப்யூட்டர் காதில் விழுந்தால், போன் பக்கத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். நாதஸ்வரச் சத்தம் கேட்டதும் சாமி தெருமுனைக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோமே, அதுபோல. மற்றப் பேச்செல்லாம் இன்டர்நெட் வழியாக. ஆகவே இரண்டு பக்கமும் ப்ளூடூத் வேண்டும், இரண்டு பக்கமும் நெட்டும் வேண்டும்.

என் மூன்று கம்ப்யூட்டரிலும் ப்ளூடூத்தே கிடையாது! லேப்டாப்பில் கூடவே வரும்; அசெம்பிள் செய்த பழைய டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ப்ளூடூத் என்ற தலைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் கிடந்த ஒரு பழைய டாங்கிளை (யுஎஸ்பி துளையில் செருகினால் ப்ளூடூத் கொடுக்கும் சின்னக் கருவி) செருகிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, வேலை நடக்கவில்லை. 2010-இல் வந்த ப்ளூடூத் 4.0-வில்தான் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் 'லோ எனர்ஜி' முறை சேர்ந்தது, பாஸ்கீக்கு அதுதான் தேவை. அதற்கு முந்தைய டாங்கிள் எத்தனை இருந்தாலும் பயனில்லை. கும்பகோணம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

அதுவும் ஒரு முறை வந்தால் இரண்டு முறை வரவில்லை. சிபியுவின் பின்பக்கம், இரும்பு மேஜைக்கு அடியில், ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் நீல நிறத் துளைக்குப் பக்கத்தில் செருகியிருந்தேன். அந்த நீலத் துளை யுஎஸ்பி 3.0. அது வேலை செய்யும்போது எழும் இரைச்சல், ப்ளூடூத் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. இரும்புத் தகடு வேறு குறுக்கே. ஒரு முழ நீள யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை மேஜைமேல் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். அன்றிலிருந்து தகராறு இல்லை.

அதன் பிறகும் வராவிட்டால், பெரும்பாலும் போன் பக்கம்தான். டேட்டா தீர்ந்திருக்கும், அல்லது இன்டர்நெட்டை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஆப் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் வரும்போது பேட்டரி போகிறதென்று ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள். அலுவலகங்களில் நெட்டுக்குக் காவல் வைத்திருக்கும் ஃபயர்வால் வழிமறிக்கவும் வாய்ப்பு உண்டு. போனின் ஹாட்ஸ்பாட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தால் அது புரிந்துவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று பக்கத்துக் கடைத் தம்பி கேட்டார். பாஸ்வேர்டை யாரும் யாரிடமும் கேட்டு வாங்கிவிடலாம், பாஸ்கீயை அப்படி வாங்க முடியாது என்றேன். எங்கோ உட்கார்ந்திருக்கும் மோசடிக்காரன் தன் திரையில் வந்த க்யூஆரை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால், நம் போனின் ப்ளூடூத் குரல் அவன் கம்ப்யூட்டருக்கு எட்டாது. அதற்காக வந்த க்யூஆரையெல்லாம் ஸ்கேன் செய்யலாம் என்று சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் திரையில் உள்ளதை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் நுழைந்த பிறகு, இதிலும் ஒரு பாஸ்கீ உருவாக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது லாக் அவுட் செய்வது முக்கியம்.

நோட்டில் இருந்தவர்களில் நம்பர் கிடைத்த எல்லோரையும் கூப்பிட்டுப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். அப்புறம் நோட்டைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஆனால் இப்படி ஒரு நோட்டு இன்னும் எத்தனை கடைகளில் இருக்கிறது என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நடக்கும் இ-சேவை மையங்களுக்கு மாவட்ட நிர்வாகம் ஒரு டாங்கிளும் ஒரு ஒயரும் வாங்கிக் கொடுத்து, இதை அரை நாள் சொல்லிக் கொடுக்க வேண்டும். தங்கள் நாளிதழும் படத்தோடு ஒரு முறை விளக்கினால், கடைகளில் வெட்டி ஒட்டிக்கொள்வோம்.

பாபநாசம், வலங்கைமான் பக்கத்து மையக்காரர்கள் யாராவது நேரில் பார்க்க விரும்பினால் என் கடைக்கு வரலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் கடை விடுமுறை.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.