விஸ்கியின் சுவை வரைபடத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த விஸ்கி கட்டுரையோடு ஸ்காட்லாந்து வரைபடம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். ஐலா என்றால் புகை, ஸ்பேசைடு என்றால் பழமும் தேனும், லோலேண்ட் என்றால் மென்மை. பார்க்க அழகுதான். அதை மட்டும் நம்பி பாட்டில் வாங்குகிறவர் பாவம்.

ஐலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். லாஃப்ராய்க், ஆர்ட்பெக், லகாவூலின் என்ற மூன்று ஆலைகளின் விஸ்கியிலும் புகை தூக்கலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே தீவில் உள்ள புன்னஹாவன் ஆலையின் வழக்கமான விஸ்கியில் புகை வாடையே கிட்டத்தட்ட இல்லை. புரூக்லாடி இன்னும் வேடிக்கை. தன் சொந்தப் பெயரில் புகையில்லாத விஸ்கி. போர்ட் சார்லட் என்ற பெயரில் நல்ல புகை. ஆக்டோமோர் என்ற பெயரில் புகையோ புகை. மூன்றும் ஒரே ஆலை. சரி, புகைக்குப் பேர் போகாத ஸ்பேசைடுக்குப் போனால், அங்கே பென்ரோமக் லேசாகப் புகையேற்றிய விஸ்கி வடிக்கிறது.

காரணம் எளிது. முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது, ஈரநிலத்தில் வெட்டியெடுத்த பீட்டை, அதாவது மக்கிய தாவர மண்ணை, எரித்தால் அந்த மணம் ஏறும். எரிப்பதா, எவ்வளவு எரிப்பது என்பது ஆலைக்காரர் முடிவு. ஒரு காலத்தில் ஐலாவில் கையருகே கிடைத்த எரிபொருள் பீட்தான், அதனால் அது அந்தத் தீவின் சுவையாக நிலைத்தது. ரயில் போன இடங்களுக்கு நிலக்கரி போனது, புகை குறைந்தது. இன்று பெரும்பாலான ஆலைகள் பார்லியை வேண்டிய புகை அளவு சொல்லி வெளியில் வாங்குகின்றன. (கட்டுரையில் புகை அளவாகக் கொடுத்திருந்த பிபிஎம் எண், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு, பார்லியில் அளந்தது. வடித்து முடிப்பதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும்.)

ஹைலேண்ட், லோலேண்ட் என்று பிரிக்கும் கோடே 1784இல் வரி வசூலுக்காகச் சட்டத்தில் போடப்பட்டது. இன்றைய 2009 ஸ்காட்ச் விஸ்கி விதிகள் ஐந்து பகுதிகளைச் சொல்கின்றன. அவற்றில் 'தீவுகள்' கிடையாது. ஸ்கை தீவின் டாலிஸ்கர் சட்டப்படி ஹைலேண்ட் விஸ்கி!

நாக்கு உண்மையில் கண்டுகொள்வது பீப்பாயைத்தான் என்பது என் கட்சி. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் என்ற அந்நாட்டு விஸ்கியைப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் கலனில் வைக்க வேண்டும். பயன்படுத்திய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து வெனிலா வாசனை தருகின்றன. ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயோ உலர்திராட்சை, அத்திப்பழப் பக்கம் இழுக்கும். கிளென்ஃபார்க்லாஸ், கிளென் கிராண்ட் ஆலைகள் இரண்டும் ஸ்பேசைடுதான். முன்னது ஷெர்ரி பீப்பாயில் கனத்துப்போனது. பின்னது உயரமான கொதிகலன்களில் வடித்து, பெரும்பாலும் போர்பன் பீப்பாயில் வைத்த லேசான சரக்கு. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம் அடித்துவிட்டீர்கள்.

ருசி பழக நினைப்பவருக்கு ஊர் ஊராகத் தாவுவதைவிட ஒரே ஆலைக்குள் ஒப்பிடுவது பலன் தரும். ஐந்து பகுதிகளில் ஒன்றான கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் ஆலை அதற்கு நல்ல பாடம். அங்கே மூன்று பெயரில் விஸ்கி வருகிறது. ஹேசல்பர்ன் மூன்று முறை வடித்தது, புகையில்லாதது. லாங்ரோ இரண்டு முறை வடித்தது, கடும் புகை. ஸ்பிரிங்பேங்க் நடுவில், இரண்டரை முறை என்று கணக்கு. மூன்றையும் சிறிதளவு பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி, முதலில் முகர்ந்து, அப்புறம் சில சொட்டு தண்ணீர் விட்டு மறுபடி முகர்ந்தால் வித்தியாசம் தானாகப் பிடிபடும். நிறத்தைப் பார்த்து மட்டும் எடை போட வேண்டாம். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு.

அடுத்த முறை வரைபடத்துக்கான இடத்தில் ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். என்ன பீப்பாய், பீட் உண்டா இல்லையா, ஆல்கஹால் எத்தனை சதவீதம், நிறம் சேர்த்ததா என்ற விவரம் போதும். நட்சத்திர மதிப்பெண்ணை எடுத்துவிட்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்