சுந்தரத்துக்கு, அந்தக் காந்தத்தைப் பற்றி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கேட்ட விஷயத்துக்கு அரைகுறையாகப் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால்தான் தாமதம். "தலையில் காந்தம் வைத்தால் மறதி போகுமாமே, நானும் போய் உட்காரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, பேத்தியைக் கூப்பிட வாயெடுத்து அவள் பெயர் வராமல் அரை நிமிடம் நின்றதையும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கருவியை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், போன வருடம் அக்காவுக்கு வைத்தபோது. அத்தான் போன பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள், கேட்டதையே மூன்று தடவை கேட்டாள். மறதி நோய்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். மருத்துவர் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசிச் சோதித்துவிட்டு, இது மனச்சோர்வு என்றார். வயதான காலத்தில் மனச்சோர்வு இப்படி மறதி வேடம் போட்டு வருவதுண்டாம். மாத்திரைகளில் பலன் தெரியாததால் காந்தத் தூண்டலுக்கு அனுப்பினார்கள். மனச்சோர்வுக்கு அது 2008லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை.

சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒன்று கொடுத்தார்கள். எட்டு வடிவத்தில் கம்பியைச் சுற்றி உறைபோட்ட காயில் ஒன்றைத் தலையோடு ஒட்டிவைத்து, ஒரே ஒரு துடிப்பு. அக்காவின் கட்டைவிரல் தானாகத் துள்ளியது! அவள் கையைத் தூக்கி, வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தாள். விரலைத் துள்ளவைக்க எவ்வளவு வலு வேண்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் அவரவருக்கான அளவை வைக்கிறார்கள். அப்புறம் மரங்கொத்தி போல டக் டக் டக் என்று ஒரே சத்தம். வலியில்லை, நெற்றி ஓரம் சுண்டுகிறது என்றாள். வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் போனோம். நாலாவது வாரம் திரும்பி வரும்போது, "உன் முழங்கால் வலி இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அதை அவளிடம் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது, சுந்தரம். வழியெல்லாம் என்னால் பேச முடியவில்லை.

உள்ளே நடப்பது மாயமில்லை. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831ல் ஃபாரடே கண்டாரே, நாம் பள்ளியில் படித்தது, அதேதான். 1985ல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவும் மண்டையோட்டைத் திறக்காமலே மூளையை இப்படித் தூண்டிக் காட்டினார்கள்.

ஆனால் நீ கேட்பது நினைவுக்கு. அங்கே ஒரு சிக்கல். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி மூளையின் ஆழத்தில் இருக்கிறது. சாதாரண காயிலின் வீச்சு இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். அதனால் ஹிப்போகாம்பஸோடு தொடர்புள்ள மேற்பகுதி ஒன்றைத் தட்டி, உள்ளே இருப்பதை எழுப்பப் பார்க்கிறார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோயல் வாஸ் குழு இதை இளைஞர்களிடம் செய்து 2014லும், முதியவர்களிடம் செய்து 2019லும் நினைவுச் சோதனைகளில் முன்னேற்றம் கண்டது. இரண்டிலும் ஆட்கள் ரொம்பக் குறைவு. ரோமில் ஜாக்கமோ கோக் குழு 2022ல் வெளியிட்டது இன்னும் கவனிக்க வேண்டியது. அல்சைமர் வந்த 50 பேரில் பாதிப் பேருக்கு நிஜத் தூண்டல், மற்றவர்களுக்குப் பாவனை, மொத்தம் 24 வாரம். நிஜமாகப் பெற்றவர்களின் நிலை பெரும்பாலும் அப்படியே நின்றது, மற்றவர்களுக்குச் சரிந்தது. போன நினைவு திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை, கவனி. நம்பிக்கை தரும் வேலைதான், எனக்கும் அதில் ஆசை இருக்கிறது. ஆனால் 50 பேரை வைத்து உன் தலையை ஒப்புக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். மறதிக்கு உத்தரவாதம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு. முறையான ஆராய்ச்சியில் சேர அழைத்தால் அது வேறு, யோசிக்கலாம். பேஸ்மேக்கரோ தலைக்குள் உலோகமோ காதுக்குள் பொருத்திய கருவியோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வலிப்பு வருவது மிக அபூர்வம், ஆனாலும் முன்பு வந்ததுண்டா என்று கேட்பார்கள்.

அதற்கு முன்னால் சாதாரணமானவற்றைப் பார்த்துவிடலாம். பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்பது. நீ குறட்டை விடுவது எனக்குத் தெரியாததா? காதையும் சோதிக்க வேண்டும். போனில் நான் சொன்னதை நீ மறந்துவிட்டாய் என்று நினைத்த இரண்டு மூன்று தடவை, உனக்குக் கேட்கவே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. 2024ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மறதி நோய் வரவைக்கும் மாற்றக்கூடிய ஆபத்துகள் என்று பட்டியலிட்ட 14ல் காது கேளாமையும் உண்டு, மனச்சோர்வும் உண்டு. உன் மனசு எப்படி இருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல். என்னிடமும் சொல்.

நரம்பியல் மருத்துவரிடம் நாள் வாங்கியதும் எழுது, முந்தின நாளே வந்துவிடுகிறேன். நீ போடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் எடுத்து வை. தூக்கத்துக்குப் போடுவதையும், அலர்ஜிக்கு நீயாக வாங்கிப் போடுவாயே அதையும் விட்டுவிடாதே. அந்த வகை மாத்திரைகளில் சிலதே மறதியைக் கொண்டுவரும்.

உன்,
வேலு