ரோசாவுக்கு அடிக்கிற நஞ்சு நம் கிணற்றுக்குத்தான் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரி முடிந்து தை பிறந்ததும் மலைநாட்டிலிருந்து பூங்கன்று ஏற்றிய லொறிகள் நிலாவெளி வீதியில் வந்து நிற்கும். கறுத்தப் பைக்குள் ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோசாப்பூ. பார்த்தால் யாருக்கும் வாங்கத்தான் மனம் வரும். நானும் நாலைந்து வருடம் விடாமல் வாங்கினேன், அதில் ஒன்றுகூட அடுத்த கச்சான் காற்றைத் தாண்டவில்லை. ஆனி, ஆடியில் அந்தச் சுடுகாற்று உப்புவெளி மணலைக் கிளப்பிக்கொண்டு வீச, கொழுந்து கருகி, இலை உதிர்ந்து, கடைசியில் ஒட்டுக்குக் கீழேயிருந்து முள்ளும் தடியுமாய் ஒன்று மட்டும் கிளம்பும். அது ஒட்டுப்போட்ட அடிமரத்தின் தளிர், நாம் காசு கொடுத்த ரோசா அல்ல. இது தெரியாமல் அதற்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

கன்று போனது போகட்டும், அதைக் காப்பாற்றப் போய்ச் செய்ததுதான் என் மனதை உறுத்துகிறது. இலை மங்கிப்போகிறது என்று ஒரு கடையில் சொன்னேன். என்ன பூச்சி, எங்கே தோட்டம் என்று ஒரு கேள்வி இல்லை, ஒரு போத்தலை எடுத்துத் தந்து கிழமைக்கு ஒருதரம் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். மங்கல் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகுதான் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் தூசி மாதிரி மெல்லிய வலை, அதற்குள் ஊசிமுனை அளவில் சிவப்பாய் ஊர்கிற செஞ்சிலந்தி. வறண்ட காற்றில்தான் இது பெருகும். நாம் அடிக்கிற பூச்சிமருந்துகள் பல இதைக் கொல்வதில்லை, இதைத் தின்கிற சிறு உயிர்களைக் கொன்றுவிடும், அதனால் அடிக்க அடிக்கக் கூடும். காலையில் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரித் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் இரண்டு கிழமையில் அடங்கிவிடுகிறது.

அந்தப் பாத்தியிலிருந்து எங்கள் கிணறு பதினைந்து அடி. இது கடற்கரை மணல், மேலே ஊற்றுவது கீழே இறங்க நேரமே எடுக்காது. அதே கிணற்றில்தான் சமைக்க அள்ளுகிறோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறோம். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றிலும் இதுதான் நிலை. ஒரு பூவுக்காக இதைச் செய்யலாமா என்று உங்கள் வாசகர்களை நேராகவே கேட்கிறேன்.

சரி, அப்படியென்றால் ரோசாவே வேண்டாமா? வேண்டும். எங்கள் அம்மம்மா அடுப்படிக்குப் பின்னால் நட்டுவைத்த ரோசா ஒன்று இருக்கிறது. இடுப்பளவு உயரம், பற்றையாய்ப் படரும், இளஞ்சிவப்பில் சின்னப்பூக்கள், கொத்துக்கொத்தாய் வருடத்தில் பல தடவை பூக்கும். நாட்டு ரோசா என்றுதான் சொல்வோம். 1990இல் இடம்பெயர்ந்து போய் நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, அந்தப் பற்றை நின்றது. நாலு வருடம் யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்க முடியாது. ஒட்டுப் போடாமல் தன் வேரிலேயே நிற்பதால் மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து அதே ரோசாதான் துளிர்க்கும்.

வெளிநாட்டிலும் இப்போது இந்த வழிக்குத்தான் திரும்புகிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் என்பவர் கரும்புள்ளி நோயைத் தாங்குகிற பற்றை ரோசா வேண்டுமென்றே வருடக்கணக்கில் கலந்து பார்த்து உருவாக்கிய ‘நொக் அவுட்’ 2000இல் விற்பனைக்கு வந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் மருந்தும் உரமும் போடாமல் வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவற்றில் சீனத்துப் பழைய ரோசாக்களும் இருக்கின்றன. அந்தக் கன்றுகளை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை, நம் வளவுகளில் நிற்கிற பழசுகளையே அந்தக் கண்ணோடு பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாட்டு ரோசாவுக்கு நோயே வராது என்று நான் சொல்லவில்லை. மாரியில் அதற்கும் கரும்புள்ளி விழும், இலை மஞ்சளாகிக் கொட்டும். இலை ஏழெட்டு மணிநேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அந்தப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், பின்னேரத்தில் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டுக் காலையில் வேரடியில் ஊற்றினாலே பாதி குறையும். புள்ளி விழுந்த இலையைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். மற்றச் சருகைக் கொளுத்தாமல் வேரைச் சுற்றிப் பரப்புங்கள், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இல்லையென்றால் கறையான் ஏறும். வருடத்துக்கு இரண்டு தரம் மக்கிய மாட்டெரு போதும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து எல்லோரும் தவித்த நேரத்திலும் இந்தப் பற்றைக்கு ஒரு குறையும் வரவில்லை.

இன்னொன்று. இலையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியது போல வட்டவட்டமாய்த் துண்டு போயிருந்தால் உடனே மருந்துப் போத்தலை எடுக்காதீர்கள். அது ஒருவகைத் தனித் தேனீ, இலைத்துண்டைச் சுருட்டிக் கொண்டுபோய்க் குஞ்சுக்குக் கூடு கட்டுகிறது. நான் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு துண்டு வெட்ட அதற்குச் சில நொடிகள்தான், வெட்டியதைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு பறந்துவிட்டது. செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை, என் வளவின் கத்தரிக்கும் பூசணிக்கும் அவையும் வந்துபோகின்றன.

ஆசிரியர் அவர்களே, ஐப்பசியில் மழை தொடங்கும்போது பூத்து முடிந்த கிளையில் பென்சில் தடிப்பில் ஒரு சாண் தடி வெட்டி, பாதியை மண்ணுக்குள் விட்டு, நிழலில் வைத்தால் இரண்டு மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும். பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது இந்தப் பற்றைகளைத்தான் முதலில் பிடுங்கி எறிகிறார்கள். சாம்பல்தீவு, தம்பலகாமம், மூதூர், கிண்ணியா என்று இந்த மாவட்டத்தில் எந்தெந்த வளவில் இப்படிப் பழைய ரோசா நிற்கிறது, என்ன நிறம், கச்சானை எப்படித் தாங்குகிறது என்று எழுதும்படி வாசகர்களைக் கேட்டு உங்கள் வாரப்பதிப்பில் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். ஐப்பசிக்கு முன்னம் அது வந்தால் இந்த மாரிக்கே தடி கைமாறும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகி,
திருகோணமலை